எல்லைக்குக் கீழே

தூத்துக்குடி அளவீட்டு நிலையத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. ஐம்பதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை வந்து அதிர்வுத் தலையணையில் தலைவைத்துப் படுக்க வேண்டும். தலையணை மெல்ல அதிரும். அந்த அதிர்வு மூளைக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை வைத்து, மூளையின் கெட்டித்தன்மையைத் திரை கிலோபாஸ்கலில் காட்டும். வயதாக ஆக மூளை இளகும். அது எல்லோருக்கும் உள்ளதுதான்.

ஆறாவதாக உள்ளே வந்தவர் ஜெசிந்தாவின் கணவர் லூர்துராஜ். இருபது ஆண்டுகளாக அந்தக் கருவியை இயக்கிவரும் ஜெசிந்தா, மற்றவர்களுக்குச் செய்வது போலவே அவர் நெற்றிப் பட்டையை இறுக்கினாள்.

"கொஞ்சம் தளத்து ஜெசி. கழுத்து வலிக்கு."

நான்கு நிமிடத்தில் திரையில் 2.3 வந்து நின்றது. சட்டம் வைத்த எல்லை 2.4. அவள் மறுபடி அளக்கப் போனாள். எண் அதற்குள் பதிவகத்துக்குப் போய்விட்டது. கருவி இடம் கொடுக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். "அப்ப என் கையெழுத்து இனி செல்லாது."

கையெழுத்து மட்டுமல்ல, எல்லைக்குக் கீழே போனவர் 'வேண்டாம்' என்று சொல்வதும் செல்லாது. மூன்று ஆண்டுகளாக அவர் வேண்டாமென்று தள்ளிவந்தது, இளகிய மூளையை இறுக வைக்கும் கெட்டி ஊசியை. அவருடைய அண்ணன் அதைப் போட்டுக்கொண்டார். பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதியெல்லாம் இப்போது தப்பாமல் சொல்வார். பிள்ளைகள் மடியில் ஏறினால் இறக்கிவிட்டுவிடுவார்.

முடிவெடுக்கும் உரிமை மகன் ரெக்ஸுக்குப் போனது. ஐம்பதைத் தாண்டிய மனைவியைச் சட்டம் கேட்பதில்லை. ஜெசிந்தா அங்கிருந்தே கோவையில் இருந்த அவனைப் போனில் அழைத்தாள்.

"அப்பாவுக்கு ஊசி வேண்டாம்னு சொல்லிருடா."

"எண் வந்த உடனே என்கிட்ட கேட்டுட்டாங்கம்மா. சரின்னு குடுத்துட்டேன். நாளைக்கு அப்பா என்னையே யாருன்னு கேட்டா, நான் என்ன செய்வேன்?"

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த லூர்துராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "அவனைத் திட்டாத," என்றார். "பாசத்துல செஞ்சிருக்கான்."

மறு வாரம் ஊசி போட்டார்கள். பதினேழாம் நாள் ஜெசிந்தா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். லூர்துராஜ் உடனே வந்தார். அவளுடைய ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டுக்கு வரும் வழி எல்லாவற்றையும் ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் போனில் ஒரு பிழையுமில்லாமல் சொன்னார். பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

வலி தாளாமல் அவள் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைக் கவனமாகப் பார்த்தார். "என்ன எடுத்துத் தரணும்?" என்று கேட்டார்.