ஊசி வெளிச்சம்

அகல வெளிச்சம் தருகிற விளக்கைக் கணவன் வெர்லின் ஒதுக்கிவைத்ததுதான் லொரீட்டாவுக்கு முதலில் உறுத்தியது. அவளுடைய கைத்துப்பாக்கியின் குழலுக்கு அடியில் பொருத்துகிற சின்ன டார்ச் வாங்க வந்திருந்தார்கள். கடைக்காரி இரண்டு டார்ச்சுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றின் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். மற்றதன் வெளிச்சம் ஊசிபோல நேராகப் போய், முந்நூறு அடி தள்ளி நிற்கிற நரியைக் காட்டுமாம்.

வெர்லின் ஊசி வெளிச்சத்தைக் கையில் எடுத்தான்.

கடைக்காரி சிரித்தாள். "ஏம்ப்பா, போன மாசம் சர்ச் ஹால்ல துப்பாக்கி வகுப்பு எடுத்தது நீதானே? வீட்டுக்குள்ளன்னா வெளிச்சம் பரவணும், மூலையில யார் நிக்கிறான்னு தெரியணும்னு சொன்ன. உன் பேச்சக் கேட்டு எங்க மாமியாருக்கே அகலமானதத்தான் மாட்டிவிட்டேன்."

"லொரீட்டாவுக்கு இதுதான் சரி."

"எனக்கு மட்டும் ஏன்?" என்றாள் லொரீட்டா. அதற்குள் அவன் கார்டை நீட்டிவிட்டான்.

வெர்லினுக்கு இருபது வருஷமாக ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ் வேலை. அவன் சொன்னால் ஊரே கேட்கும், அவளும் கேட்டாள். மூன்று வாரமாக வீட்டு நடைவழியில் ஏதோ நடமாடுகிறது என்று அழாத குறையாகச் சொன்னபோது எலி என்றான், பலகை குளிரில் சுருங்குகிறது என்றான். எந்த எலி ஈரக் கம்பளி நாற்றம் அடிக்கும்? கேட்க வாய் வரவில்லை. அந்த மலைச்சரிவில் அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஜனவரியில் உறைமழை பெய்து, மேலே படிந்த பனிக்கட்டியின் கனத்தில் மின்கம்பிகள் அறுந்தன. ஆறு மணிக்கே கும்மிருட்டு. வெர்லின் ரோந்து போயிருந்தான். கூரைமேல் பனிக்கட்டி முறுமுறுக்க, வெளியே எங்கோ ஓக் கிளை ஒன்று முறிந்து விழ, அணைந்துபோன கணப்பின் சாம்பல் வாசனைக்கு அடியிலிருந்து அந்த ஈரக் கம்பளி நாற்றம் மெல்லக் கிளம்பி, சமையலறையைக் கடந்து, நடைவழியில் போய்த் தேங்கியது. பிறகு காலடி. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடைவழி முனைக்கு வந்தாள். அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

"வெர்லின், உள்ள யாரோ இருக்காங்க."

"துப்பாக்கி லைட்டப் போடு. கடைசிக் கதவ மட்டும் பாரு."

பொத்தானை அழுத்தினாள். தூரத்துக் கதவில் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். மற்றதெல்லாம் கறுப்பு.

"ஒண்ணுமில்ல."

"நான்தான் சொன்னேனே. நேரா நட லொரீட்டா. பக்கத்துல திருப்பாத."

நாலு எட்டு வைத்தாள். நாற்றம் இப்போது முன்னால் இல்லை. இரண்டு பக்கமும் இருந்தது. இடது முழங்கையில் ஏதோ ஈரமாக உரசியது.

"வெர்லின்... ஏன் எனக்கு இத வாங்கிக் கொடுத்த?"

அப்புறம் அவன் குரல் வந்தது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேசிய அதே மெல்லிய குரல்.

"பயப்படாதீங்க. அவ கண்ணுக்கு நீங்க படமாட்டீங்க."

அது அவளிடம் சொன்னது அல்ல.

புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. இருபது வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன். தினமும் இந்த நடைவழியாகத்தான் படுக்கப் போனான். எல்லாம் தெரிந்தே போயிருக்கிறான். அடப்பாவி. முதலில் வந்தது கோபம். பயம்கூட அதற்குப் பின்னால்தான் வந்தது.

கதவைப் பார்க்கவில்லை. குழலை மேலே தூக்கினாள். வெள்ளைக் கூரையில் பட்ட வெளிச்சம் சிதறி நடைவழி முழுக்க இறங்கியது.

இரண்டு பேர்.

இடது பக்கம் ஒருத்தி. வலது பக்கம் ஒருத்தி. சுவரோரமாக இல்லை. அவள் தோளை ஒட்டி. இருவர் மேலும் வெர்லினின் பழைய கம்பளிக் கோட்டுகள், சொட்டச் சொட்ட. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். அவர்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தலையைச் சாய்த்து, காதுகளை அவள் சட்டைப்பைக்கு மிக அருகில் கொண்டுவந்து, அவன் அடுத்து என்ன சொல்வான் என்று காத்திருந்தார்கள்.