அப்துல் அலீமின் வலது கை

தசைக்கு மின்சாரம் கொடுக்கும் மிஷினை அணைத்து வயரைச் சுருட்டி வைத்த பிறகும் அப்துல் அலீமின் வலது கை தானாக ஒருமுறை விரிந்து மூடியது.

பட்டப்பகல். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீட்டின் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டில் பிலாச்சான் இறால் விழுது வறுபடும் வாடையும், கீழே லாரி ஒன்று பின்னால் வரும் பீப் ஒலியும் வந்துகொண்டிருந்தன. முன்கையில் ஒட்டியிருந்த மிஷின் பட்டைகளைப் பிய்த்தெடுத்த இடத்தில் தோல் சிவந்து பிசுபிசுத்தது. அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சியே கிடையாது. பார்த்ததால்தான் தெரிந்தது.

பரீதாவும் பார்த்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று கணவரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். இனி இடது கையால் சோறு அள்ளும் கேவலம் தீர்ந்தது என்றாள்.

அலீமுக்கு மட்டும் தெரியும். அவர் அந்தக் கையை அசைக்கவே இல்லை.

சொல்லலாம் என்றால் வாய் கிடையாது. நான்கு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் வலது பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல். எதைச் சொல்ல நினைத்தாலும் ‘சரி’ என்றுதான் வரும். தலையை ஆட்டினாலும் அது எந்தப் பக்கம் ஆடும் என்பது நிச்சயமில்லை. ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் விளக்கித்தான் அனுப்பினார்கள். பரீதாவுக்கு மனதில் ஏறவில்லை. சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையிலும் சரி, வீட்டிலும் சரி, நாற்பது வருடமாக எதற்கும் லேசில் இணங்காத மனிதர் இப்போது கேட்டதற்கெல்லாம் சரி என்கிறாரே என்று அவளுக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

வாரம் ஒருமுறை வந்து பயிற்சி கொடுக்கும் சுரேந்தருக்கும் ஒரே குஷி.

“அங்கிள், கை நல்லா ரெஸ்பாண்ட் பண்ணுது லா. லெவல் கொஞ்சம் ஏத்தட்டுமா?”

“சரி,” என்றார் அலீம். வேண்டாம் என்று கத்தியதாகத்தான் அவருக்கு நினைப்பு.

விருப்பமானதைப் பிடிக்கக் கொடுத்தால் கை சீக்கிரம் தேறும் என்று பரீதாவிடம் சொல்லிவிட்டுப் போனான் சுரேந்தர்.

அடுத்த வாரம் ஒரு மதியம் கண் அசந்து விழித்தபோது பட்டைகள் ஒட்டிய வலது கை மிஷின்மேல் இருந்தது. கட்டைவிரல் திருகியைத் திருப்பிக்கொண்டிருந்தது. லெவல் பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டு. மின்சாரம் ஏற ஏற முன்கைத் தசை புடைத்து, பசித்தவன் சோற்றைப் பார்த்ததுபோல் விரல்கள் ஆவலாய் விரிந்தன. இடது கையால் அதை இழுத்தார். அது இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. விட வெகுநேரமானது. மறுநாள் மணிக்கட்டில் பதிந்திருந்த நான்கு நீல விரல் தடங்களைப் பார்த்து, எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று பரீதா தைலம் தேய்த்தாள்.

மகள் ஹனீன் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, நான்கு மாதக் கைக்குழந்தை அமீரா இந்த வீட்டுக்கு வந்தாள். மாலை அசர் தொழுகை நேரம். பரீதா கட்டிலில் படுத்திருந்த அலீமின் முன்கையில் இரண்டு பட்டைகளை ஒட்டி, மிஷினை இருபது நிமிடத்துக்கு வைத்தாள்.

“பாப்பாவ உங்க வலது பக்கம் போடறேன். சுவத்தோரம், உருளாது. பிடிச்சுக்குவீங்கல்ல?”

தூக்கிக்கொண்டு போ. தூக்கிக்கொண்டு போ, பரீதா.

“சரி.”

குழந்தையின் பவுடர் வாசனை. உள்ளே பரீதா தொழுகைக்கு ஒளுச் செய்யும் தண்ணீர்ச் சத்தம், பிறகு முசல்லாப் பாய் விரியும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கை ஐந்து விநாடி விரிந்தது, ஐந்து விநாடி மூடியது. விரிந்தது. மூடியது. விரிந்தது.

மூடவில்லை.

விரல்கள் வயரைத் தேடிப் பிடித்தன. இழுத்தன. ஒரு பட்டை பிய்ந்து வந்தது. இன்னொன்று.

இப்போது கையில் மின்சாரம் இல்லை.

கை நகர்ந்தது.

இடது கையை வீசினார். வலது தோள்வரைதான் எட்டியது. உடம்பு புரளவில்லை. பரீதா என்று கூப்பிட்டார்.

“சரி. சரி. சரி.”

அவள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை அதையே கத்தினார்.

“என்னங்க, பாப்பா தூங்கிருச்சா?”

“சரி.”

“அப்ப கொஞ்சம் ஓதிட்டு வந்துர்றேன்.”

குர்ஆன் பக்கம் புரளும் சத்தம்.

ஒரு விரல் குழந்தையின் சட்டைக் கையை மேலே ஒதுக்கியது. முதல் பட்டை. அந்தச் சின்னக் கையைச் சுற்றியே வந்துவிட்டது. இரண்டாவது. ஓரம் தூக்காமல் நிதானமாக அழுத்தியது. பிறகு திருகி.

அமீராவின் ஐந்து விரல்களும் விரிந்தன. மூடின. விரிந்தன.

அவள் அழவில்லை. தலையைச் சாய்த்து, அது யாருடையது என்பதுபோல், தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.