டாக்டர் பலோமாரின் பதாகை

சனிக்கிழமை, காலை மணி 8.10. இலோய்லோ நகரின் தசைநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு டிஸ்க் காணாமல் போயிருந்தது. அதற்காக டாக்டர் ஹெர்மீனியோ பலோமார் போட்ட கூச்சல், பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர் போடுகிற கூச்சல்.

"என் பத்து வருஷ உழைப்பு, கேப்டன்! பட்டப்பகல்ல திருடிட்டுப் போயிட்டா!"

போலீஸ் கேப்டன் வில்மா ஹார்டெலேசா நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டாள். "யாரு?"

"இதோ நிக்கிறாளே, பாட்சோய் விக்கிறவ!"

மூலையில் மெர்லி சுபால்டோ நின்றிருந்தாள். லா பாஸ் சந்தையில் நூடுல்ஸ் சூப் விற்பவள். கான்ஸ்டபிள் போய்க் கூப்பிட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மகன் ஜோவென். பதினொரு வயது. தொலைந்த டிஸ்க்கில் இருந்தவை அவனுடைய தொடைகளின் எம்.ஆர்.ஐ. படங்கள்தாம்.

ஜோவெனுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாக மாறும் நோய். போன வருஷம் பலோமார் தம் புது ஊசியை அவனுக்குப் போட ஆரம்பித்தார். ஊசிக்கு முன் ஒரு படம், ஒரு வருஷம் கழித்து இன்னொரு படம். ஊசியின் பலன் தனியாகத் தெரிய வேண்டுமென்று, அவன் அதுவரை சாப்பிட்டுவந்த பழைய மாத்திரையை நிறுத்திவிட்டார். படங்கள் அற்புதம் சொல்லின. இன்று மாலை மணிலாவிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அதன் பிறகு மையத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் மாத்திரை நிற்கும், ஊசி ஏறும்.

"மானாங், நேத்து எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள் கேப்டன். மானாங் என்றால் எங்கள் ஊரில் அக்கா.

"மாத்திரையைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கத்தான், மேம். மாத்திரை தின்னப்ப இவன் வளரல, குட்டையாவே இருந்தான். ஆனா மாடிப்படி ஏறுவான். நிறுத்தினதும் கிடுகிடுன்னு வளந்துட்டான், காலுதான் போச்சு. இப்ப ஜீப்னி பஸ்ல தூக்கித்தான் ஏத்தறேன்."

"தூக்கித்தான் ஏத்தறாளாம்!" பலோமார் சிரித்தார். "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கா. படம் தேறிட்டான்னு சொல்லுது, இவ இல்லேங்கிறா. சூப்புக் கரண்டி பிடிக்கிறவளுக்கு ஸ்கேன் பத்தி என்ன தெரியும்?"

"படத்தைக் குடுங்க, அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டறேன்னேன். அவரு மாத்திரை எழுதித் தருவாரு. ஆனா ரெண்டு படத்தையும் பாக்காம எழுத மாட்டேன்னுட்டாரு. இவரு தரமாட்டேன்னுட்டாரு, மேம். நான் எடுக்கல. சத்தியமா எடுக்கல."

கேப்டனின் பார்வை ஜோவெனின் பள்ளிக்கூடக் கால்சட்டையில் நின்றது. அது கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது.

"இது எப்ப வாங்கினது, டோட்டோ?" டோட்டோ என்றால் தம்பி.

"போன ஜூன்ல. அப்ப கணுக்காலை மூடியிருந்துச்சு," என்றான் பையன்.

கேப்டன் அலமாரியைத் திறந்தாள். ஒரே மாதிரி டிஸ்க்குகள் அறுபதுக்குக் குறையாது. ஒன்றிலும் பெயர் இல்லை, வெறும் எண்கள்.

"பேரு எழுத மாட்டீங்களா?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான், கேப்டன். எந்த எண் எந்தப் பிள்ளைன்னு குடும்பத்துக்கே சொல்றதில்ல. எனக்கும் படம் எடுக்கிற ரோடெலுக்கும் மட்டும்தான் தெரியும். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ரோடெல் எங்கே?"

"புதன்கிழமையே ஊர்த் திருவிழாவுக்கு ஆன்டிகே போயிட்டான்."

"டிஸ்க்கைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து மத்தியானம். சாயங்காலம் இவ வந்தா. போன் பேச நான் வெளியே போனேன், அலமாரி திறந்திருந்துச்சு. காலையில பாத்தா காணோம். வேற யாரு எடுப்பா?"

"வேற பிரதி?"

"கிடையாது. மெஷின்ல இருக்கிறதை மாசாமாசம் அழிச்சிடுவோம்." இதைச் சொல்லும்போது மனிதருக்கு வருத்தமே இல்லை. "ஆனா பயப்படாதீங்க! முக்கியமான ரெண்டு படமும் வாசல்ல இருக்கு, வாங்க!"

வாசலில் பதாகை. எங்கள் ஊரில் பரீட்சை தேறினால் பதாகை, கல்யாணமென்றால் பதாகை, காளை பரிசு வாங்கினாலும் பதாகை. ஆனால் இப்படி ஒன்றை இலோய்லோ கண்டதில்லை. இரண்டு மாடி உயரம். அதில் முக்கால்வாசி பலோமாரின் முகம், மீதியில் பல். அடியில், போனால் போகிறதென்று, ஜோவெனின் தொடைப் படங்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீளவாக்கில். இடதில் 'முன்பு', வலதில் 'பின்பு'.

"வெள்ளையா இருக்கிறது கொழுப்பு, சாம்பல் நிறம் தசை," என்று பலோமார் குச்சியால் காட்டினார். "முன்பு, எங்க பாத்தாலும் வெள்ளை. பின்பு, பாதி வெள்ளை காணாமப் போச்சு! உலகத்துல யாரும் செய்யாதது."

"ரெண்டும் ஒரே அளவுல அச்சடிச்சதா, டாக்?"

"சந்தேகமா! ஓரத்துல அளவுகோலே இருக்கு பாருங்க. நானே பக்கத்துல நின்னு சரிபார்த்தேன்."

"நடுவுல இருக்கிற எலும்பை அளந்தீங்களா?"

பலோமாருக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. "கேப்டன், இது தசைநோய் மையம். தசையைச் சுத்திக் கோடு போட்டு கொழுப்பை அளப்போம். எலும்பைக் கணக்குலேர்ந்து வெட்டித் தள்ளிடுவோம். அதை யாரு பாப்பா?"

காலை மணி 9.20. கேப்டன் ஒரு முக்காலியைப் போட்டு ஏறினாள். தொப்பியின் ஓரத்தால் தொடையெலும்பை இடுப்புக் குமிழிலிருந்து முழங்கால் வரை அளந்து, ஓரத்து அளவுகோலில் வைத்துப் பார்த்தாள், இரண்டு படங்களிலும். பிறகு இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"அற்புதம்தான், டாக். உங்க ஊசியால தசை வளந்திருக்கு, எலும்பு ரெண்டு சென்டிமீட்டர் குட்டையாயிருக்கு."

பலோமாரின் வாய் திறந்தபடி நின்றது. மேலே பதாகையில் இருந்த வாயும் அப்படித்தான் திறந்திருந்தது, ஆனால் அது சிரித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை வளந்ததுக்கு அவன் கால்சட்டையே சாட்சி. அப்ப நீளமான எலும்பு இருக்கிற படம்தான் பின்னாடி எடுத்தது. அதுக்கு நீங்க 'முன்பு'ன்னு பேரு வெச்சிருக்கீங்க. போன வருஷப் படத்துல தசை இருக்கு. இந்த வருஷப் படத்துல இருக்கிறதெல்லாம் கொழுப்பு. தலைகீழா மாட்டிட்டீங்க."

"அச்சகத்துக்காரன்! அவன் மாத்திப் போட்டிருப்பான்!"

"நீங்கதானே பக்கத்துல நின்னு சரிபார்த்தீங்க?"

"அப்ப ரோடெல்! அவன்தான் எனக்குத் தப்பாக் குடுத்தான்!"

"சரி, அப்ப டிஸ்க்கை எதுக்கு ஒளிச்சீங்க? அதுல மெஷின் பதிச்ச தேதி இருக்கும். அரசாங்க டாக்டர் பாத்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். இந்தம்மா படம் கேட்டதும் டிஸ்க்கைத் தொலைச்சு, பழியை இவங்க மேல போட்டீங்க. அறுபது டிஸ்க்ல இவங்க மகன் டிஸ்க் எதுன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? எண்ணைத்தான் சொல்றதில்லையே. தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தன் திருவிழாவுல. இன்னொருத்தர் எனக்கு ஒழுங்கு பத்திப் பாடம் எடுத்தாரு."

கேப்டன் சொன்னதும் கான்ஸ்டபிள் டாக்டரின் காரைத் திறந்து சோதித்தான். உலகத்துல யாரும் செய்யாததைச் செய்தவர் டிஸ்க்கை கோல்ஃப் பைக்குள் ஓர் அழுக்குக் காலுறையில் திணித்து வைத்திருந்தார். அதை உடைத்துப் போடக்கூட அவருக்குத் துப்பில்லை.

"எல்லாம் விஞ்ஞானத்துக்காகத்தான்," என்று முனகினார் பலோமார். குரல் இப்போது கீச்சென்று இருந்தது. "ஊசி இன்னும் கொஞ்ச நாள்ல வேலை செய்யும். என்ன பெரிசா போச்சு? ஒரே ஒரு வருஷம்!"

மெர்லி அதுவரை அவரை நேராகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு வருஷம், டாக். இவனுக்கு அது மாடிப்படி."

கான்ஸ்டபிள் அவரைப் போலீஸ் ஜீப்புக்கு அழைத்துப் போனான். ஜீப்பில் ஏறும்போது முகத்தை மட்டும் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். வெட்கமாம்!

மணி பதினொன்றுக்கு, கேப்டன் கொண்டுவந்த டிஸ்க்கிலிருந்து, அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு படங்களையும் சரியான வரிசையில் வைத்துப் பார்த்தார். மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முதல் மாத்திரையை ஜோவென் அங்கேயே விழுங்கினான்.

"இனி படி ஏறுவேனா?" என்று கேட்டான்.

டாக்டர் தயங்கினார். கேப்டன், "பொய் சொல்லாதீங்க, டாக். ஒரு வருஷமா பொய்யைத்தான் கேட்டிருக்கான்," என்றாள்.

"கொழுப்பா மாறினது திரும்ப வராது, டோட்டோ. மிச்சம் இருக்கிறதைக் கொஞ்ச காலம் பிடிச்சு வெக்கலாம். சமதரையில நடப்பே."

ஜோவென் சற்று யோசித்தான். "சரி," என்றான். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை தானே நடந்தான்.

வாசலில் மூன்று படிகள் இருந்தன. மெர்லி குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டாள்.