உப்பு பார்க்க ஓர் ஆள்

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக டிவி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். சமையல் நிகழ்ச்சி என்றால் தெருவே எங்கள் கூடத்தில் உட்காரும். வந்தவர்களுக்குப் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியின் கதவைத் திறப்போம். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி.

எந்தச் சமையலைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தீர்ப்புச் சொல்பவள் என் தம்பி மகள் ரஃபத் ஜஹான். வயது ஒன்பது.

"பட்டுப்புடவை அம்மா வந்தா நாம வெளியே போய் விளையாடலாம்" என்பாள் பக்கத்து வீட்டுத் தேவகியிடம்.

"ஏன்டி? அழகா இருக்காங்களே!"

"அழகா இருந்தா இன்னா? ஒரு தடவையாவது ருசி பாத்தாங்களா? மேசைக்கு அடியிலேர்ந்து வெந்ததை எடுத்து வெச்சுட்டு, 'பிரமாதம்'னு அவங்களே சொல்லிக்கிறாங்க. கண்ணாடி போட்ட அம்மாதான் நல்லவங்க. அன்னிக்கு வாயில வெச்சுட்டு மூஞ்சை எப்படிச் சுளிச்சாங்க! உப்பு ஜாஸ்தின்னு இன்னும் ரெண்டு கிழங்கை வேகவெச்சுப் பிசைஞ்சாங்களே!"

ஆனால் ரஃபத்தின் அம்மா அக்தரி பேகத்துக்குப் பட்டுப்புடவை அம்மாவைத்தான் பிடிக்கும். "பொன்னிறமாகப் பொரிக்கவும்" என்பார் அந்த அம்மா. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் பொன்னும் கரியும் ஒரே நிறம்தான். அதனால் என்ன?

அந்த வருடம் ரம்ஜான் மே மாதத்தில் வந்தது. பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கப் பலகாரம் அனுப்ப வேண்டிய முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. பட்டுப்புடவை அம்மா செய்து காட்டிய உருளைக்கிழங்கு கட்லெட்தான் என்று அக்தரி முடிவு செய்துவிட்டாள்.

நோன்பு இருப்பவர் சமைக்கும்போது ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள் சிலர். எங்கள் வீட்டில் அதுவும் வழக்கமில்லை. நோன்பு வைக்காத பிள்ளைதான் உப்பு பார்க்க வேண்டும். அது ரஃபத்தின் வேலை.

அன்று மாலை அக்தரி கூப்பிட்டாள். "ரஃபத்! வந்து உப்பு பாரு."

ரஃபத் திகைத்து நின்றாள். அன்று அவளும் நோன்பு. முதல் நோன்பு. "இந்த வெயில்ல உனக்கு நோன்பா? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அம்மா சொல்லியிருந்ததால், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். தேவகிக்கு மட்டும் தெரியும். ரஃபத்தின் மதியச் சோற்றையும் அவள்தான் சாப்பிட்டாள்.

உண்மையைச் சொன்னால் அம்மா உடனே தண்ணீர் குடிக்க வைத்துவிடுவாள். சாப்பிடாமலே "சரியா இருக்கு" என்றால்? பட்டுப்புடவை அம்மாவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் அப்பா தலைகுனிய வேண்டியிருக்குமே!

"இதோ வர்றேன், அம்மி" என்று ஒரு கட்லெட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு கொல்லைச் சுவருக்கு ஓடினாள்.

"தேவகி! சீக்கிரம் வா, இதைத் தின்னு!"

"மறுபடியுமா? ரெண்டு சோறு தின்னு வயிறு வெடிக்குதுடி!"

"ஒரு வாய் தின்னா போதும்."

தேவகி கடித்தாள். அவள் கண்கள் விரிந்தன. "ஐயோ, ஒரே உப்பு! தண்ணி குடுடி!"

ரஃபத் திரும்பி ஓடினாள். "அம்மி, உப்பு ஜாஸ்தி. இன்னும் கிழங்கு வேகவெச்சுச் சேக்கணும்."

அக்தரி நெற்றியில் கை வைத்தாள். "அடடா! வேகவெக்கும்போதே உப்புப் போட்டேன். அந்த அம்மா சொன்னாங்கன்னு பிசையும்போது மறுபடி போட்டுட்டேனே!"

அதற்குள் தேவகி தண்ணீர் கேட்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். அவள் வாயோரம் கட்லெட் தூள்.

அக்தரி அவளைப் பார்த்தாள். பிறகு மகளின் காய்ந்த உதடுகளைப் பார்த்தாள்.

"நீ ஏன் ருசி பாக்கல?"

ரஃபத் தலை குனிந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான் அம்மி இருக்கு. தண்ணி குடிக்கச் சொல்லாதே."

அக்தரி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, மகளின் முகத்தையும் கழுத்தையும் மெதுவாகத் துடைத்துவிட்டாள். "போய் நிழல்ல படு. கிழங்கை நான் பாத்துக்கறேன். தேவகி, நீ எங்கேயும் போகாதே. மறுபடி உப்பு பாக்கணும்."

"ஐயோ!" என்றாள் தேவகி.

பள்ளிவாசலுக்குப் போன தாம்பாளம் காலியாகத் திரும்பி வந்தது. வீட்டில், பாங்கு சொன்னதும் முதல் பேரீச்சம்பழத்தை அக்தரி தன் கையால் ரஃபத்தின் வாயில் வைத்தாள். முதல் கட்லெட்டைத் தேவகியிடம் கொடுத்தாள்.

"பிரமாதம்!" என்றாள் தேவகி.

"ருசி பாத்துட்டுத்தானே சொல்றே?" என்று கேட்டாள் ரஃபத்.

தேவகி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வாய் நிறைய கட்லெட் இருந்தது.