அவள் வீட்டு அட்டை

தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டு அடுப்படியில் நின்றவளின் கை அப்படியே நின்றது. மூன்று நாளாகத் தலை தூக்க முடியாமல் சுருண்டு கிடந்த மனுஷன், நாலாம் நாள் மத்தியானம் எழுந்து மிஷின் மிதிக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது. வேறு வீடாக இருந்தால் அப்பாடா என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவள் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் அவள் கொசு அக்கா. மாநகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை; தினமும் நாற்பது வீடு. தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு என்று டார்ச் அடித்துப் பார்த்து, புழு இல்லையென்றால் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து. கிளம்பும்போது ஒரே மூச்சில் ஒப்பிப்பாள்: "டெங்குன்னா திடீர்னு காய்ச்சல் ஏறும், கண்ணுக்குப் பின்னால வலிக்கும், எலும்பையே முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். காய்ச்சல் விட்டதும் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க, அப்பதான் ஆபத்து. வயித்துவலி, வாந்தி, மூக்குல ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுன்னு ஆகுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வாள்.

அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஓர் அட்டை உண்டு. வாரம் தவறாமல் கையெழுத்தும் உண்டு. டார்ச் மட்டும் ஒரு நாளும் அடித்ததில்லை. நாற்பது வீடு ஏறி இறங்கின அலுப்பில், நம்ம வீடுதானே என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கிறுக்கிவிட்டு டீ போடப் போய்விடுவாள்.

முதல் நாள் கணவர் கண்ணைப் பொத்திக்கொண்டு, "கண்ணு வலிக்கல, அதுக்குப் பின்னால வலிக்குது" என்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விலாசம் எழுதுவார்கள். விலாசம் ஆபீசுக்குப் போகும். மறுநாள் காலையில் மேற்பார்வையாளரும், கூட வேலை செய்யும் ஆறு பெண்களும் டார்ச்சோடு இந்த வாசலில் நிற்பார்கள். ஊருக்குத்தான் உபதேசமா என்று வாய்விட்டுக் கேட்கக்கூட மாட்டார்கள்; பார்வையே போதும். அதை நினைத்தாலே காது மடல் சுட்டது. "சாதாரண வைரல்தாங்க" என்று சொல்லி மாத்திரையும் வெந்நீரும் கொடுத்தாள். மூன்று நாளும் அதையே சொன்னாள்.

மிஷின் நின்றது. மறுபடி ஓடியது. நிற்கும் ஒவ்வொரு முறையும், சன்னமாக இன்னொரு சத்தம் கேட்டது. காதோரம் வந்து விலகும் ரீங்காரம். ஒன்றில்லை, பல.

அவள் கூடத்துக்கு வந்தாள். மிஷினை ஒட்டி ஃபிரிட்ஜ் நின்றது. அதன் பின்னாலிருந்து வெதுவெதுப்பான பழைய தண்ணீர் வாடை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு ஒன்று இருக்கும். "அதை இழுத்துப் பாருங்கம்மா" என்று ஊரையெல்லாம் விரட்டியவள் அவள்தான். மண்டியிட்டு டார்ச்சை அடித்தாள். தண்ணீரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. மேலே காலிக் கூடுகள் மிதந்தன. பறந்து போனவற்றின் கூடுகள். எண்ண முடியவில்லை.

"என்ன தேடுற?" என்றார் கணவர். நாக்கு குழறியது.

"ஒண்ணுமில்லைங்க." அப்போதும் அதையே சொன்னாள்.

"இந்தத் துணியைப் பாரேன். வெள்ளை நூல்தான் போட்டேன். சிவப்பு எங்கேர்ந்து வருது?"

பக்கத்து வீட்டுக் குழந்தையின் பள்ளிக்கூடச் சட்டை. தையல் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. அவள் நிமிர்ந்தாள். அவர் மூக்கிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. கையைத் தொட்டாள். ஜில்லிட்டிருந்தது. ஈரம். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

"யாராவது வண்டி கூப்பிடுங்களேன்!"

கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் குழந்தையோடு. பார்த்ததும் பதறிப் போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அதற்குள் அவர் சரிந்தார். கொசு அக்கா இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். மிஷின் நின்றது.

"வந்துடுவாங்கக்கா, பயப்படாதீங்க." பக்கத்து வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். "இவளும் காலையிலேர்ந்து கண்ணுக்குப் பின்னால வலிக்குதுன்னு அழறா. கொசுவா இருக்காதுல்ல? எங்க வீட்டுல நீங்கதான் பார்த்தீங்க. உங்க வீட்டுலேர்ந்து வர வாய்ப்பே இல்ல." அவள் கண் கதவுக்குப் பின்னாலிருந்த அட்டையில் இருந்தது. முந்தாநாள் தேதி. கையெழுத்து.

குழந்தையின் வெறுங்காலில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அதன் கால்களில் வெள்ளை வரி. கொசு அக்காவுக்கு இரண்டு கையும் நிறைந்திருந்தது. சொன்னால் போதும், பெற்றவள் தட்டிவிடுவாள்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அதன் வயிறு மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.