பன்னிரண்டு குன்றி

தபால் நாளில் சீரஸ் குறுங்கோளின் பனிச்சுரங்கத்தில் யாரும் ஓவர்டைம் பார்ப்பதில்லை. ஷிப்ட் முடிந்ததும் கைக்கவசத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல் அஞ்சலறை வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். உள்ளே மெஹர் அக்கா இருப்பாள். ஆம்பூர்க்காரி. பூமியிலிருந்து படம் வந்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே எடையையும் சொல்வாள். எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று கம்பெனி விதி எதுவும் இல்லை. சொல்லாவிட்டால் வரிசை விடாது, அவ்வளவுதான்.

"மிக்கேல், தொள்ளாயிரத்துச் சொச்சம்."

வரிசையில் ஒரு முனகல் எழும். மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுப் போவார்.

"தவசி, பன்னெண்டு."

இப்போது முனகல் எழாது. யாராவது இருமுவார்கள். தபால்தலை மட்டும் தனியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். மெஹர் அக்காவே சிரித்துவிட்டாள். தவசியும் சிரித்தான். அன்று அவன் சாப்பிடவில்லை.

பூமிக்கும் சீரஸுக்கும் நடுவே தபால் வரும் பாதை நூல் மாதிரி மெல்லியது. சுரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதைப் பங்குபோட்டாக வேண்டும். ஆளுக்கு மாதம் ஒரு படம், அதிகபட்சம் ஆயிரம் எடை. காகிதங்களில் அந்த எடைக்கு வேறு பெயர் இருந்தது. நம் ஆட்கள் நகைக்கடை நினைப்பில் அதைக் குன்றி என்றே சொன்னார்கள். வந்த படங்களை வைத்துக்கொள்ள ஒரு பெட்டகம் உண்டு. அதுவும் ஆயிரம் குன்றிதான் கொள்ளும். புதுசுக்கு இடம் இல்லையென்றால் பழசு மொத்தமும் வெளியே போகும்.

புள்ளி புள்ளியாகச் சேர்த்த போட்டோ இந்தப் பாதையில் வராது. கோட்டுப்படம் மட்டும்தான் வரும். உண்மையில் கோட்டுப்படம் என்பது படமே இல்லை, சமையல் குறிப்பு மாதிரி. இங்கே ஆரம்பி, இப்படி வளை, அங்கே போய்ச் சேர். கோடு திரும்புகிற ஒவ்வொரு இடமும் ஒரு கணு. கணு கூடினால் எடை கூடும். அதைக் கட்டைவிரல் நகத்தளவு காட்டினாலும் சுவர் நிறையக் காட்டினாலும் எடை மாறாது. எவ்வளவு இழுத்தாலும் உடையாது, மங்காது. அதனால் எல்லோரும் தங்கள் திரைப்பலகையில் சுவர்நிறை என்ற பொத்தானை அமுக்கி, வந்ததைச் சுவர் முழுக்க விரித்துவிடுவார்கள். ஜன்னல் இல்லாத அறையில் சுவர்தானே எல்லாம்.

தவசியும் மிக்கேலும் ஒரே அறை. மிக்கேல் மணப்பாட்டுக்காரர், பத்து வயது மூத்தவர், பிள்ளை கிடையாது. அவர் பக்கத்துச் சுவரில் அவர் மனைவி ரோஸ்லின் ஒவ்வொரு மாதமும் புதுப் புடவையில் நிற்பாள். கிட்டே போய்ப் பார்த்தால் முடி ஒவ்வொன்றும் தனித்தனி. மூக்குத்திக் கல்லில் வெளிச்சம். புடவைக் கரையில் நெசவு. எதிர்ச்சுவர் தவசியுடையது. அதில் ஒரு கால் இருந்தது. ஒரே ஒரு பாதம், ஒரே ஒரு கோடு, ஐந்து விரல். அவன் மகள் முகிலின் பாதம். மனைவி செல்லக்கனி வரைந்து அனுப்புவது.

முதல் மாதம் அந்தக் காலைப் பார்த்து அழுதான். அடுத்த மாதமும் கால் வந்தது. அதற்கடுத்த மாதமும். சுவரில் விரித்தால் போன மாதம் எங்கே முடிந்ததோ அதே இடத்தில் இந்த மாதமும் கட்டைவிரல் முடிந்தது. அதே கோடு, அதே பன்னிரண்டு. ஒன்றையே திருப்பித் திருப்பி அனுப்புகிறாள் என்று முடிவு செய்துகொண்டான். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

ரோஸ்லினைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவான். எவர்சில்வர் தம்ளரில் தெரிவாள். தம்ளரைத் தள்ளி வைப்பான். தட்டின் ஓரத்தில் தெரிவாள். ஒரு பெண் புருஷனுக்காக அத்தனை முடியையும் அனுப்பி வைக்கிறாள். இன்னொருத்திக்கு மாதம் ஒரு அரைமணி நேரம் கிடைக்கவில்லை. அப்படி என்ன வேலை அவளுக்கு? அதற்கு மேல் யோசிக்காமல் இருக்கத்தான் ஓவர்டைம் பார்த்தான்.

மிக்கேலிடம் ஒரு பழக்கம் இருந்தது. தபால் வந்து இரண்டு நாள் கழித்து, தவசி சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்பார்.

"லே தவசி, அந்தக் காலைக் கொஞ்சம் எம் பலகைக்கு அனுப்பேன். பாத்துக்கிடுதேன்."

தன் பெட்டகத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் அதை இறக்கி, பலகையை மடியில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த மாதம் ரோஸ்லின் வந்து அதை வெளியே தள்ளும்வரை அங்கேயே கிடக்கும். தவசிக்கு உடம்பெல்லாம் எரியும். விருந்து சாப்பிட்டவன் அடுத்தவன் கஞ்சியில் ஒரு வாய் கேட்கிற மாதிரி. இரக்கப்படுகிறாராம். அனுப்பமாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை, சொன்னால் பொறாமை என்று தெரிந்துவிடும்.

மாதா கோயில் திருவிழா மாதத்தில் ரோஸ்லின் தேர் விளக்குகளுக்கு முன்னால் நின்று வந்தாள். அறைக்கு அறை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போகிறபோது எதிர்ச்சுவரையும் ஒரு பார்வை பார்த்தார்கள். அன்றுதான் தவசி வீட்டுக்கு எழுதினான். இங்கிருந்து போகும் எழுத்துக்கும் அளவு உண்டு, தந்தி மாதிரி நாலு வரி. மிக்கேல் அண்ணன் வீட்டில் தொள்ளாயிரம் அனுப்புகிறார்கள், உனக்குப் பன்னிரண்டுக்கு மேல் மனசு வரவில்லை, அதே காலை இனி அனுப்பாதே என்று எழுதினான். நலமா என்று கேட்க இடம் மிச்சமிருந்தது. கேட்கவில்லை.

அடுத்த தபாலில் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த தபால் நாளில் மெஹர் அக்கா திரையைப் பார்த்து, மறுபடி பார்த்துச் சொன்னாள்.

"தவசி, ஆயிரம்."

வரிசை மொத்தமும் திரும்பியது. இரும யாருக்கும் தோன்றவில்லை. மிக்கேல் அப்போதுதான் தன் தொள்ளாயிரத்தை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். தவசி அவரை மட்டும் பார்த்தான்.

"இறக்கினா உள்ள இருக்கிற பழசெல்லாம் போயிடும்பா," என்றாள் மெஹர் அக்கா, குரலைத் தாழ்த்தி. "முப்பதுக்கு மேல கெடக்கு. இனி ரெண்டு தபாலுக்குச் சூரியன் குறுக்கால நிக்கும், திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கவும் முடியாது. யோசிச்சுச் சொல்லு."

"எல்லாம் ஒரே படந்தானக்கா. இறக்குங்க." வரிசைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

சுவர்நிறை அமுக்கினான். முகில் வாசற்படியில் நின்றாள். பூப்போட்ட கவுன், ஒவ்வொரு பூவிலும் இதழ், இதழில் நரம்பு. பின்னால் கம்பிக் கதவின் துருகூட வந்திருந்தது. செல்லக்கனி போட்டோவை மெஷினில் கொடுத்துக் கோடாக்கியிருக்கிறாள். ஆட்கள் வந்து பார்த்தார்கள். பிள்ளை ஜாடை யாருடையது என்று பேசிக்கொண்டார்கள். தவசி மூன்று வருடத்தில் முதல்முறையாக அறையின் நடுவில் நின்றான். இந்த மாதம் ரோஸ்லினை யாரும் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தான். தேன் மாதிரி இருந்தது.

எல்லோரும் போன பிறகு மிக்கேல் கேட்டார், "காலு எங்கல? இந்த மாசத்துக் காலு?"

கீழே பார்த்தார்கள். படம் முகிலின் முட்டிக்குக் கொஞ்சம் கீழே முடிந்திருந்தது.

"இனிமே கால் கிடையாதுண்ணே. முழுப் பிள்ளையே வந்திருக்கு பாருங்க."

"பாத்தேன், நல்லாருக்கு. பிள்ள வளந்திருக்காளான்னு கேக்கேன்."

தவசி சுவரைப் பார்த்தான். சுவர் உயரத்துக்கு நின்றாள். அவனைவிட உயரம். வளர்ந்திருக்கிறாளா என்று அந்தப் படத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் செல்லக்கனி நின்றிருந்தாலாவது தெரியும். அவள் இல்லை.

மிக்கேல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், அந்தக் காலை ஒரு தடவையாவது உண்மை அளவில் வைத்துப் பார்த்தானா என்று.

பலகையில் அப்படி ஒரு பொத்தான் உண்டு. வரைந்தவர் எந்த அளவில் வரைந்தாரோ அதே அளவில் காட்டும். செல்லக்கனி பிள்ளையைத் தன் வீட்டுப் பலகைமேல் ஏற்றி நிறுத்தி, பாதத்தைச் சுற்றிப் பேனாவை ஓட்டியிருக்கிறாள். ஒவ்வொரு மாதமும். கணு அதே எண்ணிக்கை, எடை அதே பன்னிரண்டு. அளவு மட்டும் மாதாமாதம் ஒரு நூலிழை கூடியது. சுவர்நிறை எல்லாவற்றையும் சுவரளவுக்கு இழுத்ததால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது.

அப்போதுதான் அவனுக்குக் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்தின் வாசல் நினைவுக்கு வந்தது. செல்லக்கனி கையில் ஒரு வயதுப் பிள்ளை, சுற்றிலும் சத்தம். வரும்போது பாப்பாவுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு வருவதாக அவன் சொன்னான். அளவு அனுப்புறேன் என்று அவள் கத்திச் சொன்னாள். ஊரில் ஈர்க்குச்சியை ஒடித்து அளவெடுப்பார்கள், அதை எப்படி அனுப்புவாள் என்று நினைத்துக்கொண்டே தலையாட்டியிருந்தான்.

பெட்டகத்தைத் திறந்தான். உள்ளே ஒரே படம். உண்மை அளவு என்று அமுக்கிப் பார்த்தான். மெஷினுக்கு உண்மை அளவு தெரியாது. முகில் தீப்பெட்டி உயரத்துக்குச் சுருங்கி நின்றாள்.

"உங்க பெட்டகத்துல இருக்குல்லண்ணே? கடைசியா அனுப்பினது?"

"அது போன தபால்லயே ரோஸ்லின் வந்து தள்ளிட்டாளே. எல்லாம் போச்சு." மிக்கேல் தன் சுவரைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "அவளும் மெசின்ல ஒரு அமுக்கு அமுக்குவா, வந்துரும். இதுல அவ கை எங்கயும் பட்டதில்ல. உம் பொண்டாட்டி அப்படியா? பிள்ளைக்கு உள்ளங்கால் கூசும், காலை இழுக்கும், இவ பிடிச்சுப் பிடிச்சு வரைஞ்சிருக்கா. ஒரு மாசம் சுண்டுவிரல்கிட்ட கோடு வெட்டிப் போச்சே, பாத்தியா? சிரிச்சிருக்குல அது. எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கும் தெரியுமா."

அந்த வெட்டைத் தவசியும் பார்த்திருந்தான். தபாலில் வந்த கோளாறு என்று நினைத்திருந்தான்.

பிள்ளை சிரித்தது இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளை வளர்ந்ததைக் கைவைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று வருடமாக, ஒரு மாதம் விடாமல், அவன் கண்ணெதிரே. ரோஸ்லினின் அத்தனை முடிக்கும் சேர்த்துப் பட்ட பொறாமை இப்போது வந்ததற்குப் பக்கத்தில்கூட நிற்காது.

மிக்கேல் தன் வலது கையை விரித்துக் காட்டினார். குதிகாலை மணிக்கட்டு ரேகையில் வைத்துத்தான் எப்போதும் பார்ப்பாராம். வந்த புதிதில் நடுவிரல் தொடங்கும் இடம்வரை. போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் மடிப்பைத் தாண்டியது. கடைசியாக வந்தது, நடுவிரலின் மேல் மடிப்பு.

தவசி கருவிப் பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பி எடுத்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தான்.

"கையை நீட்டுங்கண்ணே. ஆட்டாதீங்க."

மணிக்கட்டு ரேகையில் கம்பியின் நுனியை வைத்தான். உள்ளங்கை வழியாக, விரல் வழியாக நீட்டி, மேல் மடிப்பில் நகத்தால் அழுத்தி அடையாளம் வைத்தான். சரியா என்று கேட்டான். கொஞ்சம் கூட இருக்கும் என்றார். மறுபடி முதலிலிருந்து வைத்தான்.

"தவசி," என்றார் மிக்கேல். "இறுக்கிப் பிடிக்காதல. வலிக்கி."