ஒளிரக் கூடாத ஸ்லைடு

இரண்டாவது ஸ்லைடில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. இருக்கக் கூடாது. முதல் ஸ்லைடில் கதிர்வீச்சு பட்ட செல்கள், அதில் புள்ளிகள் கொட்டிக் கிடந்தால்தான் நியாயம். இரண்டாவதில் இருந்ததோ, நேற்றுக் காலை அவள் தன் கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் வழித்தெடுத்த, ஒரு குறையும் இல்லாத செல்கள். புதிதாக வந்த ஆன்டிபாடியைச் சோதிக்க அவற்றை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தாள். டி.என்.ஏ. அறுந்த இடத்துக்கு ஓடிப்போய் ஒட்டுப்போடும் புரதம் ஒன்று உண்டு. அது எங்கே கூடுகிறதோ அங்கே இந்த ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். அறுபடாத செல்லில் அதற்கு வேலையே இல்லை.

மைக்ராஸ்கோப் அறைக்கு ஜன்னல் கிடையாது. யாராவது கதவைத் திறந்து வெளிச்சத்தை விட்டால் பாதி நாள் உழைப்பு பாழ் என்பதால், உள்ளே போகிறவர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். வெளியே மதியம் மூன்று மணி வெயில். உள்ளே கும்மிருட்டு, சூடேறிய விளக்கின் தூசி வாடை, ஒரு சின்ன விசிறியின் விடாத முனகல், அதற்கும் அடியில் இன்னொரு சத்தம், யாரோ நூலை ஒவ்வொன்றாக அறுப்பதுபோல. விசிறியில் ஏதோ சிக்கியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுபடி பார்த்தாள். ஏழு புள்ளிகள்.

நேற்றே ஃபார்மலினில் போட்டுக் கொன்ற செல்கள். செத்ததில் புதிதாக எது அறும்? எது ஓடிவந்து ஒட்டுப்போடும்? கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்றாம் முறை குனிந்தபோது புள்ளிகளை எண்ண முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"மேடம், மைக்ராஸ்கோப்போடயே குடித்தனம் பண்றதா உத்தேசமா?" ஆய்வக உதவியாளர், எல்லோருக்கும் அவர் அண்ணன். "மணி மூணே முக்கால். ஸ்கூல்ல பாப்பாவைக் கூப்பிடப் போகணும்னு நீங்கதானே ஞாபகப்படுத்தச் சொன்னீங்க?"

மூன்றே முறைதான் குனிந்தாள். முக்கால் மணி நேரமா?

"இதோ வரேன் அண்ணா."

விளக்கை அணைத்து எழுந்தாள். இருட்டில் பச்சையாக ஏதோ அசைந்தது. அவளுடைய கை.

விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, பொடி மணல்போல் புள்ளிகள். வலியே இல்லை. நூல் அறும் சத்தம் மட்டும். அது விசிறியிலிருந்து வரவில்லை. மணிக்கட்டுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணா! கதவை உடைங்க!"

"ஐயோ, என்னாச்சு மேடம்? இது இரும்புக் கதவாச்சே! தாழ்ப்பாள் உங்க பக்கம்தான் இருக்கு, தள்ளுங்க!"

இரண்டு கைகளின் வெளிச்சத்தில் தாழ்ப்பாள் தெரிந்தது. பச்சை இருக்கும்வரை பயமில்லை. உள்ளே பழுது பார்க்கிறார்கள். பாப்பா வாசலில் நிற்பாள். தள்ளு. தள்ளிவிடு.

சுண்டுவிரல் அணைந்தது.

ஆறிவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அந்த விரலைத் தாழ்ப்பாளில் வைத்தாள். படவில்லை. அங்கே விரல் இல்லை.

ஒட்டுப்போடுகிறவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

மோதிர விரல். நடுவிரல். இன்னொரு கை. மணிக்கட்டு.

"மேடம்? ஸ்கூல்லேர்ந்து பாப்பா என் போன்ல கூப்பிட்டிருக்கா. அம்மா எங்கேன்னு கேக்குறா. நான் என்ன சொல்றது?"

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மண்டியிட்டாள். தாழ்ப்பாளின் குமிழைப் பல்லால் கவ்வி இழுத்தாள். அது அசையவில்லை. அதன்மேல் மங்கலாகப் பச்சை வெளிச்சம் விழுந்தது.

அவள் முகத்திலிருந்து.